கெர்னல், அப்ளிகேஷன் ரெண்டுக்கும் பொதுவான ஹெடர்: ரிசர்வ்டு ஃபீல்டா, சைஸா?

மக்களே, லினக்ஸ்ல ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர் எழுதிட்டிருக்கேன், அதோட ஐஆக்டில் (அப்ளிகேஷன் டிரைவருக்கு கமாண்ட் அனுப்பற சிஸ்டம் கால்) ஸ்ட்ரக்ட் எல்லாம் இப்போ யூஏபிஐ ஃபோல்டருக்கு (அப்ளிகேஷன்களும் பயன்படுத்தற கெர்னல் ஹெடர் இருக்கற இடம்) போகணும், ஒரு தடவை வெளிய விட்டுட்டா அப்புறம் லேஅவுட்ல கை வைக்கவே முடியாதுங்கறதால இப்பவே கேட்டுக்கறேன்.

லாங், பாயின்டர் எதுவும் இல்ல, எல்லாம் யூ32, யூ64 (32 பிட், 64 பிட் முழு எண்) தான். ஆனா ஒரு யூ64 அதுக்கடுத்து ஒரு யூ32 வச்சா 64 பிட் எக்ஸ்86ல 16 பைட் வருது, 32 பிட்ல 12 தான், ஐஆக்டில் நம்பருக்குள்ளயே சைஸும் இருக்கறதால 32 பிட் அப்ளிகேஷன் கூப்பிட்டா கமாண்டே தெரியாதுங்குது கெர்னல். கடைசில ஒரு யூ32 பேடிங் போட்டாச்சு, அத விடுங்க.

சந்தேகம் இதான்: பின்னாடி புது ஃபீல்டு சேர்க்கணும்னா இப்பவே கொஞ்சம் ரிசர்வ்டு இடம் விட்டு, அதுல ஜீரோ இல்லேன்னா எரர் குடுத்து திருப்பி அனுப்பறதா, இல்ல க்ளோன்3, ஓப்பன்அட்2 சிஸ்டம் கால் மாதிரி சைஸையும் யூசர்கிட்டயே வாங்கிக்கறதா? எனக்கென்னவோ ரெண்டாவது தான் பிடிச்சிருக்கு, ஆனா ஸ்ட்ரக்ட் வளர்ந்தா கமாண்ட் நம்பரும் மாறிடுமே. டிஆர்எம்ல (கெர்னலோட கிராஃபிக்ஸ் பகுதி) பண்ற மாதிரி சைஸ் பிட்டை கணக்குல எடுக்காம கமாண்டை மேட்ச் பண்ணா மெயின்டெய்னருங்க ஒத்துக்குவாங்களா? டிரைவர் அப்ஸ்ட்ரீம் பண்ணவங்க (மெயின் கெர்னல்ல சேர்த்தவங்க) யாராச்சும் சொல்லுங்கப்பா.