ஆர்வியில் குரைக்கும் நாய்களோடு யெல்லோஸ்டோன்: புதிதாக அமெரிக்கா வந்தவர்களுக்கு

இரண்டு நாய்களோடு ஆர்வி (உள்ளேயே தங்கிப் படுக்கும் வீட்டு வண்டி) எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், ஓயாமல் குரைக்கின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். நாங்களும் நான்கு கோடையாக எங்கள் நாய்கள் மணியையும் ராணியையும் கூட்டிக்கொண்டுதான் சுற்றுகிறோம்.

நம் ஊரில் குரைக்காத நாயைத்தான் குறை சொல்வார்கள். இங்கே முகாமில் பக்கத்து வண்டி கூப்பிடு தூரத்தில் நிற்கும், சுவரோ மெல்லியது. தேசியப் பூங்காக்களில் நாய் அளவுக்கு மீறிக் குரைக்க விடுவதே விதிமீறல். பெரும்பாலான முகாம்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது.

முதல் பயணத்தில் நாய்களை வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பினால் கதவில் ஒரு சீட்டு: "நீங்கள் போனதிலிருந்து குரைக்கின்றன, எங்கள் குழந்தை தூங்கவில்லை." நேரே போய் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் மனசு ஆறவில்லை. அந்த ஒரு மணி நேரமும் மணி பயந்து அழுதிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதட்டிப் பயனில்லை. நீங்களும் சேர்ந்து கத்துவதாகத்தான் நாய் நினைக்கும். எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று கவனியுங்கள். எங்கள் வண்டியில் பாதிக் குரைப்பு ஜன்னலால் வந்தது. வண்டியை நிறுத்தியதும் முன்கண்ணாடியையும் தாழ்ந்த ஜன்னல்களையும் திரையால் மூடிவிடுகிறோம். விசிறி ஓடினால் வெளிச்சத்தம் உள்ளே கேட்பதில்லை. இடம் பதிவு செய்யும்போது கழிப்பறைப் பக்கம் வேண்டாம். ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, முகாமை ஒரு சுற்று மோந்து பார்க்க விடுங்கள்.

தனியாக இருக்கப் பழக்குவதை வீட்டு வாசலிலேயே ஆரம்பியுங்கள். வண்டிக்குள் விட்டு இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து, பத்து. உப்பில்லாத தயிர்சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தால், நக்கிக்கொண்டே அமைதியாக இருக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை எதுவும் கலக்கக்கூடாது. நாய்க்கு அவை நஞ்சு.

ஆனால் வெயிலில் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருந்தாலே, மூடிய காருக்குள் அரை மணியில் 40 டிகிரி ஆகிவிடும். ஆர்வியில் ஏசி இருக்கிறதே என்பீர்கள். யெல்லோஸ்டோனுக்குள் மின் இணைப்பு தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒன்றுதான். அங்கேயும் மின்சாரம் போனால் ஏசி நின்றுவிடும்.

யெல்லோஸ்டோனில் நடந்து சுற்றும் பாதைகளிலும் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய மரநடைபாதைகளிலும் நாய்க்கு அனுமதியே இல்லை. சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள், 6 அடிக்கு மிகாத கயிற்றில்தான் இருக்க வேண்டும். கட்டிப்போட்டுவிட்டுப் போகவும் கூடாது. பைசன் என்ற பெரிய காட்டு மாடு முகாமுக்குள்ளேயே மேய வரும். அதைப் பார்த்து நாய் குரைத்தால் உடனே உள்ளே தூக்கிப்போய்விடுங்கள். பைசனிடமிருந்து நாமே 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற புகழ்பெற்ற வெந்நீர் ஊற்றைப் பார்க்க முடியாதோ என்று கவலை வேண்டாம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சியடிக்கும். அடுத்த நேரத்தை அங்கேயே எழுதி வைத்திருப்பார்கள். ஒரு தடவை நீங்கள் போங்கள், அடுத்த தடவை உங்கள் வீட்டுக்காரர் போகட்டும். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். அன்று மணி ஒருமுறைகூடக் குரைக்கவில்லை.