தணிக்கைக்கு ஆள் வந்தபோது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

செந்தூல், கோலாலம்பூர்:
எங்களுடையது சின்ன கம்பெனி; சோப்பு, ஷாம்பு செய்கிறோம். வெளிநாட்டில் வாங்குபவர் ஒருவர் கேட்டார் என்று முதலாளிக்கு பி கார்ப் சான்றிதழ் மேல் ஆசை வந்துவிட்டது; லாபத்தோடு தொழிலாளர், சமூகம், சுற்றுச்சூழலையும் கவனிக்கும் கம்பெனிகளுக்குத் தருவது அது. இதைத் தருவது பி லேப் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, 2006-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பழைய முறையில் 200-க்கு 80 புள்ளி எடுத்தால் போதும். அதனால் மறுபடி நிரப்பும் பாட்டில், சூரிய ஒளித் தகடு என்று புள்ளி விழும் இடமாகப் பார்த்துச் செய்தோம். சம்பளப் பக்கம் யாரும் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் வெளியான புதிய விதிகளிடம் அந்த வித்தை பலிக்காது. நியாயமான வேலை, மனித உரிமை, பருவநிலை என்று ஏழு தலைப்புகள். எல்லாவற்றிலும் குறைந்தபட்சத்தை எட்டியாக வேண்டும். முதலாளி முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். நீங்கள் யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா?

பிறை, பினாங்கு:
மாட்டாமல் என்ன? மின்னணு பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு வருவது ஆர்பிஏ தணிக்கை; பொறுப்பான தொழில்முறைக்காகப் பெரிய மின்னணு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு அது. நம் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேர வேலை, அதற்கு மேல் மாதம் 104 மணி நேரம்வரை ஓ.டி. செய்யலாம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 69 மணி நேரத்தைத் தொடும். ஆர்பிஏ விதியோ, ஓ.டி.யையும் சேர்த்து 60-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. "நாங்கள் சட்டத்தை மீறவில்லையே" என்றார் மேலாளர். எது கடுமையோ அதுதான் செல்லும் என்று சொல்லிவிட்டு, தணிக்கையாளர் பஞ்ச் கார்டு பதிவுகளைக் கேட்டார்.

ஓ.டி.யைக் குறைத்ததும் முதலில் சண்டைக்கு வந்தவர்கள் தொழிலாளர்கள். "அக்கா, ஓ.டி. இல்லன்னா காடிக் கடனை யாரு கட்டுவா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட்டில் நிற்கும்போது வேறு எப்படிக் கேட்பாள்? அதற்குத் தணிக்கைப் படிவத்தில் கட்டம் இல்லை.

நிபோங் திபால்:
செம்பனைத் தோட்டத் தணிக்கை ஒன்றுக்கு மொழிபெயர்க்கப் போனேன். எம்எஸ்பிஓ என்ற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரியிலிருந்து கட்டாயம் என்பதால் ஃபைல்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மருந்து அடிக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர்களை வேலை வாங்கும் மண்டோர் பக்கத்திலேயே நின்றார். எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்கய்யா". தணிக்கையாளர் மண்டோரை ஏதோ பதிவேடு எடுத்துவர ஆபிஸுக்கு அனுப்பினார். அப்புறம் ஒரு அம்மா பையிலிருந்து கையுறையை எடுத்துக் காட்டினார், உறைகூடப் பிரிக்கவில்லை. "ஆம்பள கைக்கு வாங்குனது. இதப் போட்டா பம்பு கைப்பிடிய அமுக்க முடியாது." ஃபைலில் கையுறை வாங்கியதற்கு அவர் கையெழுத்து அழகாக இருந்தது. கோளாறு எழுதப்பட்டது, சின்ன அளவு வாங்கிக் கொடுத்தார்களாம்.

பிரிக்பீல்ட்ஸ்:
நான் கடைக்காரன், வாங்கும் பக்கம். எண்ணெய் விற்க வந்தவர் "நாங்க ஆர்எஸ்பிஓ" என்றார். நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்குச் சான்றிதழ் தரும், 2004-இல் தொடங்கிய அந்த உலக அமைப்பின் செயலகம் இதே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அவர்களுடைய இணையத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன். உறுப்பினர் பட்டியலில் இருந்தது, சான்றிதழ் பெற்றவர்கள் பட்டியலில் இல்லை. சந்தா கட்டிச் சேர்வது வேறு, தணிக்கையில் தேறுவது வேறு. கேட்டால், "அதுக்குத்தாண்ணே அலைஞ்சிக்கிட்டு இருக்கோம்". சரி தம்பி, கையில் கிடைத்ததும் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.