பழைய எலக்ட்ரிக் கிட்டார்: புதுப்பிப்பு

குறைந்த விலைக்கு வாங்கிய பழைய ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற) கிட்டாரில் ஓயாத இரைச்சல், சுருதியும் நிற்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நிலைமை நிறையவே மாறியிருக்கிறது.

சுருதி நிற்க, ட்யூனரை (கம்பியை முறுக்கும் திருகை) மாற்றச் சிலர் சொன்னார்கள். தேவைப்படவில்லை. கோளாறு நட்டில்தான் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு பட்டை): பள்ளங்களில் கம்பி சிக்கி, பெண்ட் செய்தபின் (விரலால் வளைத்து இழுத்தபின்) பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பள்ளங்களை மெல்லத் தேய்த்துப் பென்சில் கரி தடவினேன், சரியாகிவிட்டது.

இரைச்சல்தான் பெரிய வேலை. மின் பாகங்கள் இருக்கும் உட்குழி முழுக்கச் செப்புத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டோடு சேர்த்து சால்டர் செய்தேன். கரகரப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் மெல்லிய ஹம் (ரீங்காரம்) இன்னும் இருக்கிறது. இதில் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் ஒற்றைச் சுருள்) மின்சார ஒயர்களின் காந்தப்புலத்தையும் பிடிக்கும். செப்புத் தாள் அதைத் தடுக்காது. மூன்று பிக்கப்களில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாறியிருந்தால் நடு பிக்கப்போடு பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 ஆம் நிலைகளில் ஹம் அடங்கும். இதில் அப்படி இல்லை. அதனால் நடு பிக்கப்பை மட்டும் மாற்றப் போகிறேன்.

அப்புறம், 12 ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) அழுத்திய சுரம், அங்கே கம்பியை லேசாகத் தொட்டால் வரும் ஹார்மோனிக்கைவிடச் சற்று ஏறியிருந்தது. சேடிலை (கம்பியை அடிப்பக்கத்தில் தாங்கும் துண்டை) பின்னுக்கு நகர்த்தியதும் கார்டுகள் சுத்தமாக ஒலிக்கின்றன. கழுத்தின் வாகு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, இதை விற்க மாட்டேன்.