மூன்று துறை பார்த்த கோச்: எங்கள் அனுபவங்கள்

ஓசூர், உற்பத்திப் பிரிவு

ஆலைத் தலைவராகப் பதவி உயர்ந்த புதிதில், கம்பெனியே எனக்கு ஒரு எக்ஸிகியூட்டிவ் கோச்சை, அதாவது நிர்வாகிகளோடு தனியாகப் பேசி வழிகாட்டுபவரை, ஏற்பாடு செய்தது. திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் ஆலையில் பொறியாளராகத் தொடங்கி, ஐ.ஏ.எஸ். தேறி, தலைமைச் செயலகம் வரை போய், ஓய்வுக்குப் பிறகு மேலாண்மைப் பாடம் நடத்தியவர்.

முதல் சந்திப்பில் எங்கள் எம்.டி.யும் இருந்தார். "ஒவ்வொரு தடவையும் என்ன பேசினீர்கள் என்று எனக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள் சார்" என்றார். கோச் குரலை உயர்த்தவில்லை. "எதற்காக இதைச் செய்கிறோம் என்பதை மூவரும் உட்கார்ந்து எழுதிக்கொள்வோம். இவர் என்னிடம் பேசுவது மட்டும் உங்களிடம் வராது. ஒத்துவராது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்." பணம் கொடுப்பவரிடமே அப்படிச் சொன்னதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கோச்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எஃப்.பின் நெறிமுறையும் இதைத்தான் கேட்கிறது: எது யாருக்குப் போகும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஒருநாள் எங்கள் காலை மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் காட்டினார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் என்னிடம் அனுமதி கேட்டு வந்த விஷயங்கள், மறுபக்கம் அவரவரே முடித்திருக்கக்கூடியவை என்று அவருக்குப் பட்டவை. ஷிஃப்ட் மாற்றம், பேரிங் வாங்குவது என்று இரண்டாவது பக்கம் நிரம்பியிருந்தது.

செயலகத்தில் ஒரு கோப்பு உதவியாளரிடம் தொடங்கி, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறுவதை விவரித்தார். எல்லார் கையெழுத்தும் இருக்கும், முடிவு மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும். "உங்கள் ஆலையில் எது யாரிடம் நிற்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, பதிலை என்னையே எழுதவைத்தார். பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு தொகை வரை அவர்களே வாங்கலாம் என்ற வரம்பு அன்று எழுதியதுதான். இன்றுவரை அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

பெல் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் குறை தெரிந்தால், இவர் அதைக் காட்டும் முன் வெல்டரிடம் "இந்த ஜாயின்ட் எப்படி வந்தது?" என்று கேட்பாராம். பெரும்பாலும் அந்த மனிதருக்கே இடம் தெரிந்திருக்குமாம்.

ஏன் இத்தனை துறை மாறினீர்கள் என்று கேட்டதற்கு வி. கிருஷ்ணமூர்த்தியைச் சொன்னார். சென்னை மாகாண மின்வாரியம், திட்டக் கமிஷன், பெல், மாருதி, செயில் (அரசு எஃகு நிறுவனம்) என்று போனவர். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தபோது அந்த நிறுவனத்தை நடத்தியவர் அவர்தான்.

மதுரை, கல்லூரி ஆசிரியை

அதே சார்தான் எங்களுக்கும் வந்தார். நான் துறைத்தலைவர் ஆனபோது, எனக்குப் பாடம் எடுத்தவர்களே என் கீழ் வேலை செய்யும் நிலை. மூத்தவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்பதுதான் என் கவலை. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது எது? அதை அவரிடம் எப்போது கடைசியாகக் கேட்டீங்கம்மா?" என்றார்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வுக்கான ஆவண வேலையை மூத்த பேராசிரியர் ஒருவரிடம் போய், "எப்படிச் செய்யலாம் சார்?" என்று கேட்டேன். மறுநாளே பழைய கோப்புகளோடு என் அறைக்கு வந்து, எந்த வருடத் தரவு எங்கே விடுபட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கோச் தேடுபவர்களுக்கு ஒன்று. ஐ.சி.எஃப். கோச்களுக்குத் தரும் பி.சி.சி. என்ற சான்றிதழுக்கு 500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும், அதற்கு மேல்நிலையான எம்.சி.சி.க்கு 2,500. அதைக் கட்டாயம் பாருங்கள். கூடவே, அவர் எங்கெல்லாம் வேலை பார்த்தார் என்பதையும் கேளுங்கள்.