கல்யாண ஃபோல்டரும் 8 ஜிபி ராமும்: பட வியூவர்ல எதை மெமரியில வைக்கிறது?

சாளரக்காரன்: பைதான்ல, ஜன்னல் காட்டற டிகிண்டர், படம் திறக்கற பில்லோ ரெண்டு லைப்ரரியையும் வச்சு நூறு வரிக்குள்ள ஒரு பட வியூவர் எழுதினேன். ஃபோல்டரைத் திறந்ததும் எல்லாப் படத்தையும் லோட் பண்ணி லிஸ்ட்ல வச்சுக்கும். வாட்ஸாப் படங்களுக்கு ஜோரா ஓடுச்சு. தங்கச்சி கல்யாண ஃபோல்டரைத் திறந்தேன், 8 ஜிபி லேப்டாப்ல மவுஸ்கூட நகரல. 120 படம், மொத்தமே 1 ஜிபிக்குக் கீழதான். எங்க தப்பு?

ஒத்தைவரி: டிஸ்க்ல இருக்கிறது சுருக்கி வச்ச ஜேபெக். பிரிச்சா 6000×4000, பில்லோ பிக்சலுக்கு 4 பைட் எடுக்கும், 96 எம்பி. 120 படத்துக்கு 11.5 ஜிபி. திரையில தெரியறது ஒண்ணு, மிச்சம் 119 எதுக்கு?

சாளரக்காரன்: லிஸ்ட் ஆசைப்பட்டு வைக்கலங்க. லிஸ்ட் இல்லேன்னா, படத்தைக் காட்டற பைதான் ஃபங்ஷன் ஓடி முடிஞ்சதும் படம் மாயமாகி வெறும் சாம்பல் பெட்டிதான் நிக்குது. படத்தை மெமரியில பிடிச்சு வைக்கிற ரெஃபரன்ஸை லிஸ்ட்ல போட்டா சரியாகும்னாங்க.

ஒத்தைவரி: ரெஃபரன்ஸ் வேணும், லிஸ்ட் வேண்டாம். படத்தைக் காட்டற லேபிள்லயே ஒரு ஆட்ரிபியூட்ல, அதாவது அதோட சொந்த வேரியபிள்ல வைங்க. அடுத்த படம் அங்க வந்து உக்காந்ததும் பழசு போயிடும்.

வேகப்பிரியன்: நான் ஒத்துக்க மாட்டேன். ராம் வாங்கினது அழகு பாக்கவா? ஒவ்வொரு அம்புக்குறிக்கும் 24 மெகாபிக்சலை டீகோட் பண்ணினா, அதாவது சுருக்கினதைப் பிரிச்சா, வியூவர் நொண்டும். பிரிச்சதை எடுத்து வைக்க கேஷ் வேணும்.

ஒத்தைவரி: கேஷ் வேண்டாம்னு யார் சொன்னா? எதை கேஷ் பண்றதுங்கறதுதான் சண்டை. உங்க திரை 1366×768னா, படத்தைத் திரைக்குச் சுருக்கற தம்ப்நெய்ல் ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் பில்லோ அந்த ஜேபெக்கை 3000×2000 அளவுலயே டீகோட் பண்ணும். 24 எம்பி, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. கடைசியா மிஞ்சுறது 1152×768. டிகிண்டர்லயும் பிக்சலுக்கு 4 பைட்னு வச்சா 3.5 எம்பி. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு வச்சாலும் 20 எம்பி தாண்டாது.

சாளரக்காரன்: தம்ப்நெய்ல் ஏற்கெனவே போட்டுப் பாத்தேனே, அந்த 96 எம்பி அப்படியேதான் ஏறுது. அதுக்கு முந்தின வரியில, சாஞ்ச படத்தை நிமித்தற எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் இருக்கு, வேற ஒண்ணுமில்ல.

ஒத்தைவரி: அதான் ஆளு! அது முழுப் படத்தையும் டீகோட் பண்ணி காப்பி எடுத்துக் குடுக்குது. அந்தக் காப்பி ஜேபெக் இல்ல, பாதி அளவுல டீகோட் பண்ண வழியே கிடையாது. தம்ப்நெய்ல் வரியை அதுக்கு மேல தூக்குங்க.

வேகப்பிரியன்: தூக்கினா கேமராவைச் செங்குத்தா பிடிச்சு எடுத்த படமெல்லாம் திரையை விட்டு வழியும். படுக்கையா 1152×768க்குச் சுருக்கிட்டு அப்புறம் நிமித்தினா உயரம் 1152. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே.

ஒத்தைவரி: அது என் தப்புதான். படம் எப்படித் திரும்பியிருக்குன்னு ஃபைல்ல எழுதியிருக்கற ஓரியன்டேஷன் டேகைப் படிக்க டீகோட் வேண்டாம், முதல்லயே பாத்துடலாம். அந்த எண் 5லருந்து 8க்குள்ள இருந்தா, தம்ப்நெய்லுக்குக் குடுக்கற அகலத்தையும் உயரத்தையும் இடம் மாத்திக் குடுங்க.

வேகப்பிரியன்: பிஎன்ஜிக்கு இந்தப் பாதி டீகோட் கிடையாது. ஜூம் பண்ணவும் ஒரிஜினல் வேணும்.

ஒத்தைவரி: பிஎன்ஜி ஒவ்வொண்ணா முழுசாதான் திறக்கணும், வேற வழியில்ல. ஜூம்னா ஃபைலை மறுபடி திறங்க, முடிஞ்சதும் விடுங்க.

வேகப்பிரியன்: ஜூம் ஒரு நிமிஷம் யோசிச்சு நிக்கும். எனக்கு அது ஆகாது, என் ஸ்க்ரிப்ட்ல நடப்புப் படத்தோட ஒரிஜினல் எப்பவும் இருக்கும்.

சாளரக்காரன்: ஒண்ணுன்னா என் லேப்டாப்பும் தாங்கும். லிஸ்டைத் தூக்கிட்டேன், மவுஸ் நகருது. வேண்டாத மெமரியைக் கழிச்சு விடற ஜிசி கலெக்ட் வரி ஒண்ணு பயத்துல போட்டிருக்கேன், இருக்கட்டுமா?

ஒத்தைவரி: எடுத்துடுங்க. லிஸ்ட் பிடிச்சு வச்சிருந்த வரைக்கும் அதால எதையும் விடுவிக்க முடியல. இப்போ அதுக்கு வேலையே இல்ல.