மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலை: புறவழிச்சாலைகள் இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி:
வணக்கம். பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கி.மீ. புறவழிச்சாலையும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலையும் இருக்கையில், கூவத்தை ஒட்டி ஏறத்தாழ 20 கி.மீ. நீளத்துக்கு ஈரடுக்கு மேம்பாலச் சாலை தேவைதானா? 2009-இல் அடிக்கல் நாட்டி, தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று 2012-இல் நிறுத்தி, 2022-இல் மீண்டும் அடிக்கல் நாட்டிய திட்டம் இது. கனரக வாகனங்களை ஊருக்கு வெளியே சுற்றிவிடுவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
வாகனம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே இதைப் பார்க்க வேண்டும். திருச்சியிலிருந்து நெல்லூருக்குப் போகும் லாரிக்குச் சென்னைக்குள் வேலையே இல்லை. அதற்குப் புறவழிச்சாலை போதும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தோ ஒரகடத்திலிருந்தோ கன்டெய்னர் ஏற்றிவரும் டிரெய்லர் சேர வேண்டிய இடமே துறைமுகம் என்பதால், எந்த வட்டத்தைச் சுற்றி வந்தாலும், மணலி, எண்ணூர் பக்கமாகவேனும் அது நகருக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். மேலடுக்கு அந்த லாரிகளுக்காகவே திட்டமிடப்பட்டது. நகர வாகனங்கள் ஏறி இறங்கும் கீழடுக்கு பற்றித்தான் எனக்குக் கவலை. அது இறங்குமிடங்களில் நெரிசலைக் கொண்டுபோய்க் கொட்டும்.

பதில் 2:
சரக்கே இடம் மாறலாமே! 2011-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போனது. வெளிவட்டச் சாலை முடியும் மீஞ்சூரிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் அருகில்தான் உள்ளன. சியோல் நகரில் சியோங்கேச்சன் ஓடையை மூடி அதன்மேல் எழுப்பியிருந்த மேம்பாலச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஏறத்தாழ 6 கி.மீ. நீளத்துக்கு ஓடையை மீட்டார்கள். நாமோ இருக்கிற கூவத்தின்மீது தூண் நடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

பதில் 3:
புறவழிச்சாலை என்றைக்கும் புறவழியாகவே இருந்துவிடாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாம் நூறடி சாலை என்று சொல்லும் உள்வட்டச் சாலை ஒருகாலத்தில் நகரின் விளிம்பு. இன்று வடபழனி, அசோக் நகர், கோயம்பேடு என நகரின் நடுவே ஓடுகிறது, அதன்மேல் 2015 முதல் மெட்ரோவும் ஓடுகிறது. மதுரவாயல் வழியே போகும் பெருங்களத்தூர்–புழல் புறவழிச்சாலையின் இருபுறமும் வீடுகள் நெருங்கிவிட்டன. வெளிவட்டச் சாலையிலும் சர்வீஸ் சாலையிலிருந்து நினைத்த இடத்திலெல்லாம் பிரதான பாதைக்குள் நுழைய வழி விட்டால், அடுத்த தலைமுறை இதே கேள்வியை அதற்கும் வெளியே அமையும் எண்ணூர்–மாமல்லபுரம் எல்லைச் சாலையைப் பற்றிக் கேட்கும்.

கேட்டவர்:
நன்றி. லாரி சேருமிடத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்படியானால் மேலடுக்கை ஏற்கிறேன். கீழடுக்கை இன்னும் ஏற்க முடியவில்லை.