பழைய 4 அடி மீன் தொட்டி வாங்கலாமா? ஒழுகுமோன்னு பயமா இருக்கு

செந்தூல்_வாசி:
வணக்கம். கோலாலம்பூர் கெப்போங்ல ஒருத்தர் வீடு மாறிப் போறாரு, 4 அடி தொட்டி, கேபினெட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) தர்றேங்கிறாரு. போய்ப் பார்த்தேன், கண்ணாடியில கீறல் பெருசா இல்ல, ஆனா ஒரு மூலையில உள்பக்க சிலிக்கோன் பசை தூக்கிக்கிட்டு நிக்குது, நகம் வச்சா ஆடுது. ரொம்ப நாளா தண்ணி இல்லாம வெளியில வெயில்லயே கிடந்துச்சாம். நாங்க இருக்கிறது பிளாட், ஏழாவது மாடி, ராத்திரியில விட்டுக்கிச்சுன்னா கீழ் வீட்டுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அம்மா பயப்படுறாங்க. பையன் லோஹான் (நெத்தி புடைச்ச பெரிய மீன்) வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். அந்த மூலையில மட்டும் சிலிக்கோன் அடிச்சா போதுமா?

ஜெலுத்தோங்_மீன்காரன்:
போதாது தம்பி. காஞ்ச சிலிக்கோன் மேல புதுசு சரியா பிடிக்காது, ஒட்டுன மாதிரி தெரியும், தண்ணி அழுத்தத்துல உரிஞ்சுக்கிட்டு வரும். உள்பக்கத்துல இருக்கிறத சுத்திலும் பிளேடால சுரண்டி எடுத்து, அல்கஹால்ல துடைச்சு, ஒரே மூச்சுல புதுசா இழுக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, தொட்டிய உண்மையா தாங்குறது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற சிலிக்கோன்தான், வெளியில இருந்து டார்ச் அடிச்சா தெரியும். அதுல வெள்ளையா குமிழி ஓடி இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் போயிருந்தா வாங்கவே வாங்காதீங்க, முழுசா பிரிச்சு ஒட்டுற வேலை அது. மேல குறுக்க வச்சிருக்கிற கண்ணாடிப் பட்டையும் விட்டிருக்கான்னு பாருங்க.

பாத்ரூமுக்கு விக்கிற சிலிக்கோன் வேணாம், பூஞ்சை மருந்து கலந்திருக்கும், மீன் செத்துரும். அக்வேரியத்துக்குன்னு போட்டத கேட்டு வாங்குங்க. காயும்போது வினிகர் மாதிரி வாடை வரும், அது சுத்தமா போகணும், நான் ஒரு வாரம் விட்டுருவேன்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
அம்மா பயப்படுறது நியாயம். எங்க மேல் வீட்டுத் தொட்டி ஒழுகி எங்க சீலிங் ஊறிப்போய் பெயின்ட் தோல் தோலா விழுந்துச்சு, ஒரே சொட்டு சொட்டா இறங்குனதால அவங்களுக்கே ரொம்ப நாள் தெரியல. பட்டுன்னு உடையிறத விட இதுதான் அதிகம் நடக்குது. 4 அடி தொட்டி 120க்கு 45க்கு 45 சென்டிமீட்டர்னா 243 லிட்டர் பிடிக்கும், தண்ணி மட்டும் 243 கிலோ, கல்லு கண்ணாடி தனி. அதனால கேபினெட்டோட அடிக்கால்ல பலகை உப்பியிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. உப்பியிருந்தா அந்த ஆளு ஒழுகவே இல்லன்னு சத்தியம் பண்ணாலும் நம்பாதீங்க. கேபினெட் ஒரு பக்கம் சாஞ்சாலே கண்ணாடிக்கு இழுவை விழும்.

ஜெலுத்தோங்_மீன்காரன்:
அக்கா சொன்னது சரி. மாடிக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே கீழ சமதளமா பார்த்து, ஃபோம் போட்டு வச்சு டெஸ்ட் பண்ணிருங்க. முதல்ல கால்வாசி, அப்புறம் பாதி, அப்புறம் முழுசா, ரெண்டு மூணு நாள் அப்படியே விடுங்க. சுத்தி நியூஸ்பேப்பர் விரிச்சு வைங்க, ஒரு துளி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துரும். தண்ணி இருக்கும்போது தொட்டிய நகர்த்தவே நகர்த்தாதீங்க. வீட்டுல வைக்கும்போது வயரு பிளக்க விட கீழ தொங்கி அப்புறம் மேல ஏறணும், இல்லன்னா வயர் வழியா தண்ணி பிளக்குக்குள்ள போயிரும்.

செந்தூல்_வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. சனிக்கிழமை டார்ச்சோட போறேன். கேபினெட் கால் உப்பியிருந்தா தொட்டிய மட்டும் விலை பேசுறேன், நடுவுல குமிழி ஓடியிருந்தா விட்டுட்டு பையனுக்கு புதுசா 2 அடி வாங்கித் தர்றேன், லோஹான் இல்லாம வேற சின்ன மீனு.